மீட்டர் அக்காவின் அரைப் புள்ளி

நீங்களே கண்ணால் பார்த்து, நீங்களே கைப்பட எழுதிய காகிதம் ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது. ஊரே மதிக்கிற ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு "அது தப்பு" என்கிறார். நீங்கள் எதை நம்புவீர்கள், காகிதத்தையா, அவர் முகத்தையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் முகத்தைத்தான் நம்புகிறோம். நம்பிவிட்டு அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். காகிதத்தை நம்பிய ஒருவரின் கதை இது.

அவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அதே வேலை. தெருவுக்குத் தெரு போய், வாசலோரம் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, டார்ச் அடித்து எண்ணைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. கேட்டுக்குப் பின்னால் நிற்கும் நாய்களில் எது குரைக்கும், எது கடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டர் அக்கா. நாமும் அக்கா என்றே சொல்வோம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சில வீடுகளில் ஆள் இருக்க மாட்டார்கள். போன மாதம் இருந்த எண்ணே இந்த மாதமும் இருக்கும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "நேர்ல போனீங்களா, இல்ல டீக்கடையில உக்காந்து எழுதினீங்களா?" என்று கேட்பார். கேட்கவிடுவாரா அக்கா? எண் மாறாத இடத்தில் மறுபடி குனிந்து இரண்டாவது தடவை பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாக எண்ணின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார். "இது பழையதைப் பார்த்து எழுதியது அல்ல, பார்த்தேன், அதேதான் இருக்கிறது" என்று அந்த வட்டத்துக்குப் பொருள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சந்தேகப்படுவதையே சம்பளத்துக்குச் செய்கிறவர்களோடு குப்பை கொட்டினால் இதெல்லாம் தானாக வரும்.

செஸ் அவருக்கு வந்ததும் அந்த அலுவலகத்தில்தான். மதிய இடைவேளையில் குழாய் பொருத்தும் பிட்டர்கள் இரண்டு பேர் பைப்புகள் அடுக்கிய அறையில் பலகையை விரிப்பார்கள். ஒரு குதிரை என்றைக்கோ தொலைந்துபோனதால் அதற்குப் பதில் குழாயில் மாட்டும் பித்தளை நட்டு ஒன்று நிற்கும். அக்கா ஆறு மாதம் வாயைத் திறக்காமல் டிபன் டப்பாவோடு நின்று பார்த்தார். ஒரு நாள், "அண்ணே, நட்டைத் தூக்கிட்டு ஓடுங்க, யானை பாக்குது" என்றார். பிட்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த வாரம் அக்கா உட்கார்ந்து ஆடினார். அடுத்த வருடம் அந்த அலுவலகத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு செஸ் கழகம். பிட்டர்தான் அவரை அங்கே கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார். முப்பது உறுப்பினர்கள்; அதில் பெண் அக்கா ஒருவர்தான். கழகத்தின் அணி வட்டார லீகில் ஆடும். நான்கு பலகை, நான்கு ஆட்டக்காரர்கள், ஐந்தாவதாக ஒரு மாற்று ஆள். அந்த ஐந்தாவது பெயர் ஆறு வருடமாக அக்காவுடையது. இந்த ஆறு வருடத்தில் கழகப் போட்டியில் அவர் ஒரு தடவை இரண்டாவது, ஒரு தடவை மூன்றாவது. அணியில் நிலையாக உட்கார்ந்திருந்த நான்கு பேரில் மூன்று பேரை அவர் ஜெயித்திருக்கிறார். இருந்தும் மாற்று ஆள். லீக் ஆட்டங்களில் அவர் செய்த வேலை தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பதும் முடிவை போர்டில் எழுதுவதும்.

பெண் என்பதால் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாமல் செய்வதில் நம் ஆட்களுக்கு நல்ல பயிற்சி. கேப்டன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பேச்சில் பண்புக்குக் குறைவே இருக்காது. "வெளியூர் ஆட்டம்னா எல்லாரும் ஒரே வேன்ல போகணும்மா. திரும்ப நேரமாகும். உங்க வீட்ல என்ன நினைப்பாங்க?" என்பார். வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று வீட்டில் இருப்பவர்களை யாரும் கேட்டதில்லை. அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கேப்டன் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வேன்தான் பிரச்சனையா? நானே ஓட்டிட்டு வரேன்னு சொல்லு. டீசல் மட்டும் போடச் சொல்லு" என்றார்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் கேப்டனிடமிருந்து போன் வந்தது. மூன்றாம் பலகையில் ஆடும் துணிக்கடைக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறார். நாளைக்கு அக்கா வர வேண்டும்.

"வரேன் சார். ஆனா ஒரு பேச்சு" என்றார் அக்கா.

"சொல்லுங்கம்மா."

"நாளைக்கு நான் டிரா பண்ணி அரைப் புள்ளியாவது எடுத்தா, அடுத்த சீசன்ல எனக்கு ஒரு பலகை நிரந்தரம். தோத்துட்டா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நீங்க சொல்ற இடத்துல நிக்கிறேன்."

 நாளைக்கு மூன்றாம் பலகையில் எதிரே உட்காரப் போவது யார் என்று கேப்டனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில், "சரிம்மா, அப்படியே ஆகட்டும்" என்றார். அப்போது அவர் முகச்சவரத்துக்காக நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்த சலூன்காரர் அதே அணியின் நான்காம் பலகை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைச் சலூன்காரர் தானாக ஏற்றுக்கொண்டார்.

எதிரே உட்கார இருந்தவர் டாக்டர். காது மூக்கு தொண்டை. சொந்த ஆஸ்பத்திரி, ஆற்றோரக் கிளப்பின் தலைவர் பதவி, லீக்கின் துணைத்தலைவர் பதவி எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் முதல் பலகையில் ஆடியவர். இளவட்டங்கள் வந்து மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டார்கள். பலகையைத்தான் தள்ள முடிந்தது, அவர் நினைப்பை முடியவில்லை.

"டாக்டர் கூடவா ஆடப்போறே?" என்றார் கணவர் காலையில், வேன் கண்ணாடியைத் துடைத்தபடி. "தோத்தா தொண்டையை ஓசியில பாப்பாரான்னு கேளு. ரெண்டு மாசமா கரகரங்குது."

"அம்மா தோக்க மாட்டா. நீங்க மிளகு போட்டுக் குடிங்க" என்றாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

ஆட்டம் ஆற்றோரக் கிளப்பின் கூடத்தில். பச்சைத் துணி விரித்த மேஜைகள், சத்தம் போடும் மின்விசிறி. நடுவர் ஒரு கணக்கு வாத்தியார். குரல் உயராத மனிதர். டாக்டர் வந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"துணிக்கடைக்காரர் வரலையா? சரி, பரவாயில்ல. பயப்படாம ஆடுங்க."

"காய்தான சார், கடிக்காது" என்றார் அக்கா.

இரண்டரை மணி நேரம் போயிற்று. மற்ற மூன்று பலகைகளும் முடிந்துவிட்டன. அக்காவின் பலகையில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை. டாக்டரிடம் மூன்று சிப்பாய், அக்காவிடம் இரண்டு. ஒரு சிப்பாய் குறைவு என்றால் சும்மா இல்லை. அந்தக் கூடுதல் சிப்பாயை டாக்டர் கடைசி வரிசை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டால் அது ராணியாகிவிடும், கதை முடிந்தது. ஆனால் அந்தச் சிப்பாயைக் காப்பதற்காக டாக்டரின் யானை இருந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் நின்றது. அதனால் அவர் ராஜா தனியாகத்தான் முன்னேற வேண்டும். அக்காவின் யானை அதைப் பின்னாலிருந்து செக் கொடுத்துத் துரத்தியது.

நாற்பத்தொன்றாம் நகர்வில் ஒரு செக். ராஜா இடப்பக்கமாக ஒதுங்கிப் பார்த்தார். மறைய இடமில்லை, திரும்பி வந்தார். நாற்பத்தேழாம் நகர்வில் அதே கட்டத்திலிருந்து அதே செக். காய்கள் எல்லாம் முன்பு நின்ற இடத்திலேயே நின்றன. ஒவ்வொரு நகர்வையும் இருவரும் எழுதிவர வேண்டிய தாளில் அக்கா அந்த நகர்வை எழுதினார். பக்கத்தில் கை தானாக ஒரு சின்ன வட்டம் போட்டது. மேலே போய் நாற்பத்தொன்றுக்கும் ஒன்று போட்டார். அடுத்து ராஜா வலப்பக்கமாகச் சுற்றினார். அங்கேயும் கதவு அடைப்பு. ஐம்பத்தைந்தாம் நகர்வில் பழையபடி பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

அக்கா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பலகையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு ஐம்பத்தாறாம் நகர்வைக் காகிதத்தில் மட்டும் எழுதினார். யானையைத் தொடவில்லை. ஆட்டக் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்.

"சார், டிரா கேக்கிறேன். இப்ப எழுதியிருக்கிற நகர்வை ஆடினா இதே நிலை மூணாவது தடவை வருது."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "என்னம்மா இது? மூணு தடவைன்னா அடுத்தடுத்து வரணும். செக், திரும்ப, செக், திரும்ப, செக். நடுவுல நான் ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கேனே! அதோட நீங்க காயையே நகத்தல. நகத்தாமலே எப்படி மூணாவது தடவை?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கேப்டன் முகம் கறுத்தது. இருபது வருடமாக லீக் ஆடும் அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அங்கே நின்ற எல்லோரும் அப்படித்தான். யாரோ ஒருவர் என்றோ சொன்னதை இன்னொருவர் சொல்ல, அது அந்த வட்டாரத்தில் சட்டமாகிவிட்டது. அச்சடித்த விதியை எடுத்துப் படித்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

"டாக்டர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். கேட்டதை வாபஸ் வாங்கிட்டு ஆட்டத்தை ஆடுங்க. பெரிய மனுஷர்கிட்ட போயி..." என்றார் கேப்டன் பக்கத்தில் வந்து.

"கேப்டன் சார், தள்ளி நில்லுங்க" என்றார் நடுவர். அவருக்கும் நெற்றி வேர்த்திருந்தது. விதிப்புத்தகம் வீட்டு அலமாரியில் இருந்தது.

அக்காவுக்குக் காது சூடானது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. இந்த ஒரு கணத்தில்தான் நம்மில் பாதிப்பேர் எழுந்து, "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிடுகிறோம். அக்காவின் கண் வட்டங்களில் போய் நின்றது. பார்த்தேன், இரண்டாவது தடவையும் பார்த்தேன், அதேதான் இருந்தது. பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஜெராக்ஸ் தாள்களை எடுத்தார். லீக் விதிகள். ஆறு வருடம் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தபோது படிக்க வேறென்ன இருந்தது?

"ஒம்பதாவது பிரிவு சார். நீங்களே சத்தமா படிங்க."

நடுவர் படித்தார். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம், அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. கேட்பவர் நகர்வை எழுத வேண்டும், ஆடக் கூடாது. எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

"ஜெராக்ஸ் எல்லாம் ஒரு ஆதாரமா?" என்றார் டாக்டர்.

"கடைசிப் பக்கத்துல துணைத்தலைவர் கையெழுத்து இருக்கு சார். உங்களுதுதான்" என்றார் அக்கா.

சலூன்காரருக்கு இருமல் வந்தது. இருமலாகத் தெரியவில்லை.

டாக்டர் விடவில்லை. "சரி, விதி இருக்கட்டும். மூணு தடவை வரவே இல்ல. ரெண்டுதான். எனக்கு ஞாபகம் இருக்கு. நாப்பது வருஷமா ஆடறேன்."

"ஞாபகத்தை விடுங்க சார். இன்னொரு பலகை எடுத்து, முதல்ல இருந்து ஆடிப் பாத்துடலாம். என் தாளும் இருக்கு, உங்க தாளும் இருக்கு."

தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது, நம்பச் சொல்வது அநியாயம். அதை அக்கா இவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நடுவர் உடனே தலையாட்டினார். கணக்கு வாத்தியாருக்கு இது பிடித்த பாஷை. வேறு பலகை வந்தது. முதலில் டாக்டரின் தாள். சலூன்காரர் வாசிக்க, நடுவர் நகர்த்தினார். நாற்பத்தெட்டு வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு கையெழுத்து மாறியது. மூன்று நகர்வுகளை எழுதாமல் விட்டு, பின்னால் யோசித்து நிரப்பியிருந்தார். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறவரை ஒவ்வொரு நகர்வையும் எழுதியே ஆக வேண்டும் என்பது லீக் விதி. அப்போது அவரிடம் பதினொரு நிமிடம் இருந்தது. ஐம்பதாம் நகர்வில் நடுவரின் கை அந்தரத்தில் நின்றது.

"டாக்டர், இங்க உங்க ராஜா அவங்க யானை பாக்கிற கட்டத்துல போய் நிக்குது."

"இப்படிப் போயிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேன் சார், செல்லாத நகர்வுன்னு" என்றார் அக்கா.

இந்தத் தடவை கூடமே சிரித்தது. ஆற்றோரக் கிளப்காரர்களும் சேர்ந்துதான்.

அடுத்து அக்காவின் தாள். நாற்பத்தொன்றில் நடுவர் நிறுத்தி, நிலையைத் தன் நோட்டில் வரைந்துகொண்டார். நாற்பத்தேழில் ஒப்பிட்டார். ஐம்பத்தாறு வரை போய், எழுதப்பட்ட செக்கைத் தானே வைத்து, மூன்றாவது தடவை ஒப்பிட்டார். பிறகு அந்தப் பலகையையும் உண்மையான பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தாள்ல வட்டம் போட்டிருக்காங்க. ஆட்டத்துக்கு நடுவுல குறிப்பு எழுதக் கூடாதே, இது அதுல வராதா?" என்று டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். குரலில் பழைய தெம்பில்லை.

"கோரிக்கைக்காகப் போடற அடையாளம் செல்லும். அதுவும் அதே பக்கத்துல இருக்கு" என்றார் நடுவர். "ஆட்டம் டிரா."

 டாக்டர் பேனாவை எடுத்து, இரண்டு தாளிலும் அரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையை நீட்டினார். "எனக்கு இது தெரியாதும்மா. நிஜமா தெரியாது" என்றார். அந்த மட்டில் அவர் நல்ல மனிதர்தான். தெரியாதது குற்றமில்லை. தெரியாததை இத்தனை வருடமாகத் தெரிந்ததுபோல் சொல்லி, எத்தனை பேரின் டிராவைத் தோல்வியாக்கியிருப்பார் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கணக்கை யார் எடுப்பது?

வெளியே படியிறங்கும்போது கேப்டன் அக்காவோடு சேர்ந்து நடந்தார்.

"பிரமாதம்மா. அசத்திட்டீங்க. ஆனா பாருங்க, டிராதானே, ஜெயிக்கலையே. பலகை விஷயத்தை நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாது. கமிட்டியில வெச்சு..."

அக்கா படியிலேயே நின்றார். "நேத்து போன்ல கமிட்டியா சார் பேசிச்சு?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"நான் கேட்டது அரைப் புள்ளி. எடுத்தது அரைப் புள்ளி. ஜெயிச்சாதான்னு நீங்க சொல்லியிருந்தா நான் வேற மாதிரி ஆடியிருப்பேன்."

"கேப்டன், நான் அப்ப உங்க முகத்துலதான் கை வெச்சிருந்தேன்" என்றார் பின்னால் வந்த சலூன்காரர். "ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. நாளைக்கும் நீங்க சவரத்துக்கு என் கடைக்குத்தான் வரணும், சொல்லிட்டேன்."

 அக்கா பேனாவை நீட்டினார். அணிப் பட்டியல் தாள் கேப்டனின் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வைத்து, அடுத்த சீசன், மூன்றாம் பலகை என்று எழுதி, அதற்கு எதிரே அக்காவின் பெயரை எழுதினார். தேதி போடச் சொன்னார் அக்கா. போட்டார். துணிக்கடைக்காரர் இப்போது மாற்று ஆள். கணுக்கால் ஆறிவிட்டது, தண்ணீர் பாட்டிலை அழகாக எடுத்து வைக்கிறார்.

அடுத்த சீசனில் அக்கா பதினோரு ஆட்டம் ஆடினார். ஐந்தில் வெற்றி, நான்கில் டிரா, இரண்டில் தோல்வி. மேதை இல்லை, மேதை என்று நான் சொல்லவும் மாட்டேன். அணியில் இருந்த மற்ற மூன்று பேரும்கூட மேதைகள் இல்லையே. சாதாரண ஆண் உட்காரும் நாற்காலியில் உட்கார ஒரு பெண் அதிசயப் பிறவியாக இருக்க வேண்டும் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? வெளியூர் ஆட்டத்துக்கு வேனை அவர் கணவரே ஓட்டினார். டீசல் கழகம் போட்டது. தொண்டையை டாக்டரிடம் காட்டினார்கள். வேனில் கத்துவதைக் குறையுங்கள் என்றாராம்.

இனி உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கழகத்திலோ, தொழிற்சங்கத்திலோ, அலுவலகத்திலோ நிரந்தரம் ஆகாமல் காத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். இந்த வாரமே அதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் பெயராகச் சத்தமாக வாசியுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் யார் பெயர் அதில் இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை உட்காராதீர்கள்.